விடியற்காலை 4 மணி... அலாரம் அடிக்கிறது! 70 வயதிலும் வாத்து வேட்டைக்குக் கிளம்ப வைப்பது எது?

டிசம்பர் மாதம். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஸ்டட்கார்ட் என்று ஒரு சிறிய ஊர். மணி விடியற்காலை நான்கு. வெளியே தண்ணீர் உறையும் குளிர். அலாரம் அடிக்கிறது.

அந்தக் கட்டிலில் 70 வயதுக்காரர் ஒருவர் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வாத்து வேட்டைக்குப் போகத்தான் அலாரம் வைத்திருக்கிறார். 20 வயதில் அவருக்கு இந்த அலாரமே தேவைப்பட்டிருக்காது. முதல் நாள் இரவு தூக்கமே வந்திருக்காது. 30 வயதில் மணி அடித்ததும் எழுந்திருப்பார். 50 வயதில் ஒரு முறை தள்ளிப்போட்டுவிட்டு எழுந்திருப்பார். இப்போது முழங்கால் ஒன்று சொல்கிறது, முதுகு வேறொன்று சொல்கிறது. 'இன்னிக்கு ஒரு நாள் விட்டா என்ன?' என்று கேட்கிறது போர்வை.

ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால், அந்த ஒரு நாள் ஒரு வாரமாகும். வாரம் ஒரு சீசனாகும். பிறகு துப்பாக்கி பரணுக்குப் போய்விடும். அமெரிக்காவில் பல வேட்டைக்காரர்களின் கதை இப்படித்தான் சத்தமில்லாமல் முடிகிறது. ஆனால், சிலர் மட்டும் எழுபதிலும், எழுபத்தைந்திலும் எழுந்து கிளம்புகிறார்கள். அது எப்படி?

'வேட்டையா?' என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவைச் சாத்திவிட்டது. அது சாத்தியே இருக்கட்டும். அமெரிக்காவில் உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு என்று கடுமையான விதிகளுக்குள் இது அனுமதிக்கப்பட்ட ஒன்று. அங்குள்ள முதியவர்கள் சந்திக்கும் கேள்வியோ நமக்கும் பொதுவானது. உடம்பைக் கேட்கும் ஓர் ஆசையை, உடம்பு தளரும்போது என்ன செய்வது?

சுடுவது சில விநாடி, சுமப்பது பல மணி நேரம்!

வாத்து வேட்டை என்றால் துப்பாக்கியைத் தூக்கி 'டுமீல்' என்று சுடுவது என நினைத்துவிட வேண்டாம். சுடுவது சில விநாடிகள்தான். மற்றதெல்லாம் சுமப்பது, நடப்பது, காத்திருப்பது.

மார்பு வரை ஏறும் ரப்பர் உடுப்பை இருட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். பறக்கும் வாத்துகளைக் கீழே இறங்கவைக்கும் பொம்மை வாத்துகளை மூட்டையாகக் கட்டி முதுகில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பொம்மையிலும் ஒரு கயிறு; கயிற்றின் முனையில் ஓர் எடை. தோளில் துப்பாக்கி. கீழே சேறு. ஒரு காலை உருவினால் இன்னொரு கால் புதையும். பொம்மைகளைத் தண்ணீரில் பரப்பி, மறைவிடத்துக்குள் போய் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும். சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்பிலிருந்துதான் சட்டப்படி சுடலாம். அதற்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

ஸ்டட்கார்ட்டைச் சுற்றி நெல் வயல்களும், குளிர்காலத்தில் வெள்ளம் நிற்கும் ஓக் மரக்காடுகளும் உண்டு. உதிர்ந்த நெல்லுக்கும் ஓக் கொட்டைக்கும் மல்லார்ட் எனும் பச்சைத்தலை வாத்துகள் கூட்டம் கூட்டமாக வரும். காட்டுக்குள் வேட்டையாடுபவர்கள் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு, காலால் தண்ணீரை உதைத்து அலை எழுப்புவார்கள். கீழே வாத்துகள் நீந்துகின்றன என்று மேலே பறப்பவை நம்ப வேண்டுமே!

கூடவே, வாயில் வைத்து ஊதும் ஒரு சிறிய குழலால் வாத்தைப் போலவே குரல் கொடுக்க வேண்டும். இதற்கென்றே 1936-ம் ஆண்டு முதல் ஸ்டட்கார்ட்டில் உலக சாம்பியன் போட்டி நடக்கிறது. முதல் போட்டியில் வென்ற தாமஸ் வால்ஷ் குழலே இல்லாமல் வெறும் தொண்டையால் வாத்துக் குரல் எழுப்பியவர். பரிசாகக் கிடைத்தது, 6 டாலர் 60 சென்ட் மதிப்புள்ள வேட்டைக் கோட்டு.

சுமக்க முதுகு, நடக்க முழங்கால், ஊத மூச்சு, சுடக் கண், கேட்கக் காது. வயது எதையெல்லாம் முதலில் எடுத்துக்கொள்கிறதோ, அதையெல்லாம் கேட்கிறது இந்த வேட்டை.

எண்ணிக்கையில் தொடங்கி...

1970-களின் பிற்பகுதியில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா க்ராஸ் வளாகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஜாக்சன், ராபர்ட் நார்டன் என்ற இரு ஆய்வாளர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்களிடம் ஒரு விஷயத்தைக் கேட்டார்கள். 'உங்களைப் பொறுத்தவரை நல்ல வேட்டை நாள் என்பது எது?' என்பதுதான் அதன் சாரம். கிடைத்த பதில்களை வைத்து, ஒரு வேட்டைக்காரரின் வாழ்க்கையை ஐந்து கட்டங்களாகப் பிரித்தார்கள்.

முதல் கட்டத்தில், துப்பாக்கி வெடித்தாலே சந்தோஷம். இரண்டாவது கட்டத்தில், சட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கை முழுவதும் பையில் விழ வேண்டும். மூன்றாவதில், எண்ணிக்கை போதாது. பெரியதாக, அரியதாக வேண்டும். நான்காவதில், என்ன கிடைத்தது என்பதைவிட எப்படிக் கிடைத்தது என்பது முக்கியமாகிறது. எந்தப் படகு, எந்த நாய், யார் செதுக்கிய பொம்மை என்பதில் மனம் போகிறது. ஐந்தாவது கட்டத்தில் மனிதர் கனிந்துவிடுகிறார். விடியல், நண்பன், நாய், ஏரி எல்லாம் சேர்ந்ததுதான் வேட்டை. பை காலியாக இருந்தாலும் அது நல்ல நாள்தான்.

எல்லோரும் இதே வரிசையில் போவதில்லை. சிலர் இரண்டாவது கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான். எண்ணிக்கைதான் சந்தோஷம் என்றால், கண் மங்கி, கை நடுங்கி, குறி தப்பும் வயதில் சந்தோஷமும் தப்பிவிடும். ஆண்டுதோறும் கணக்கு குறையும். 'நமக்கு வயசாயிடுச்சு' என்பதைத் தவிர அந்தக் கணக்கு வேறெதையும் சொல்லாது.

எண்ணிக்கை மோகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூரில் ஒரு கல்வெட்டு சாட்சி. இன்று கேவலாதேவ் தேசியப் பூங்காவாக இருக்கும் அந்தச் சதுப்பு நிலம், அன்று மகாராஜாவின் வாத்து வேட்டைக் களம். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவும் அவருடன் வந்த விருந்தினர்களும் ஒரே நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273. அதைக் கல்லில் பொறித்து வைத்தார்கள்.

அதே பரத்பூரைப் பறவைகளுக்காகக் காப்பாற்றப் போராடியவர்களில் முக்கியமானவர் சாலிம் அலி. அவரும் துப்பாக்கியில் தொடங்கியவர்தான். சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் தீற்று இருப்பதைப் பார்த்து, 'இது என்ன பறவை?' என்று கேட்கப்போனார். அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. 80 வயதைத் தாண்டியும் பறவைகளைத் தேடி அலைந்தார். 90 வயதில், 1987-ல் மறைந்தார். தன் சுயசரிதைக்கு அவர் வைத்த பெயரே அந்தக் குருவியின் வீழ்ச்சியைத்தான் சொல்கிறது. துப்பாக்கி போனது, பறவை போகவில்லை.

வில்லை எடுத்தவர், வாத்துகளை எண்ணியவர்

அமெரிக்காவில் இந்தக் கனிவுக்கு நல்ல உதாரணம், ஆல்டோ லியோபோல்ட். சூழலியல் படிப்பவர்கள் அறிந்த பெயர். 1887-ல், மிஸிஸிப்பி நதிக்கரையில் இருக்கும் பர்லிங்டன் ஊரில் பிறந்தவர். வேட்டையைக் கற்றுக்கொடுத்தவர் அப்பா கார்ல். வாத்துகள் இனப்பெருக்கத்துக்குத் திரும்பும் வசந்த காலத்தில் சுடுவதைத் தடுக்கும் சட்டம் வருவதற்கு முன்பே, தானாகவே அதை நிறுத்திக்கொண்ட மனிதர் அவர்.

லியோபோல்ட் வேட்டையை விடவில்லை. ஆனால், அதன் முறையை மாற்றிக்கொண்டே போனார். நடு வயதில் வில் அம்பைக் கையில் எடுத்தார். கடையில் வாங்கவில்லை, தன் கையாலேயே செய்தார். துப்பாக்கியோடு ஒப்பிட்டால் வில்லில் கிடைப்பது மிகக் குறைவு. அதற்காகத்தான் எடுத்தார் என்றே தோன்றும். குடும்பமே அதில் இறங்கியது. மனைவி எஸ்டெல்லா மாநில வில்வித்தை சாம்பியன் ஆனார்.

1935-ல் விஸ்கான்சின் நதிக்கரையில், யாரும் வேண்டாம் என்று விட்டுப்போன ஒரு வறண்ட பண்ணையை வாங்கினார். அங்கே மிச்சமிருந்த கோழிக்கொட்டகையைக் குடிசையாக்கி, வார இறுதிகளில் குடும்பத்தோடு தங்கினார். வசந்தத்தில் வடக்கே திரும்பும் கனடா கூஸ் எனும் பெரிய வாத்துகள் அந்த வழியாகப் போகும். அவர் எண்ணத் தொடங்கினார். சுடுவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக. 1946 ஏப்ரல் 11 அன்று எண்ணிக்கை 642.

பல ஆண்டுகள் எண்ணியதில் ஒரு விஷயம் புலப்பட்டது. அந்தப் பறவைகள் பெரும்பாலும் ஆறு அல்லது ஆறின் மடங்குகளாகப் பறந்தன. அதாவது, ஒரு கூட்டம் என்பது ஒரு குடும்பம். அல்லது சில குடும்பங்கள். அப்படியானால் வசந்தத்தில் தனியாகக் கத்திக்கொண்டு திரியும் ஒற்றைப் பறவைகள் யார்? குளிர்கால வேட்டையில் துணையையோ, குடும்பத்தையோ இழந்தவை என்ற முடிவுக்கு வந்தார்.

வாழ்நாள் முழுவதும் வேட்டையாடிய மனிதர், வேட்டைக்குப் பிறகு பறவைகளுக்கு என்ன ஆகிறது என்பதைத் தன் கணக்கிலேயே கண்டார். மறைக்காமல் எழுதவும் செய்தார். 1948 ஏப்ரலில், பக்கத்துப் பண்ணையில் பற்றிய தீயை அணைக்கப்போன இடத்தில் மாரடைப்பு. வயது 61. அவருடைய புகழ்பெற்ற புத்தகம் அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது.

தொலைந்த துப்பாக்கி

இன்னொருவர் மெம்பிஸ் நகரத்தின் நாஷ் பக்கிங்ஹாம். 1880-ல் பிறந்தவர். வாத்து வேட்டை பற்றி எழுதி அமெரிக்காவில் பெயர் பெற்றவர். அவரிடம் பெரிய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அது வெடிக்கும் சத்தத்தை வைத்து ஒரு நண்பர் 'போ-வூப்' என்று அதற்குச் செல்லப் பெயர் வைத்திருந்தார்.

1948 டிசம்பர் 1. ஆர்கன்சாவில் வேட்டை முடித்து நண்பரோடு காரில் திரும்பும் வழியில், வேட்டைக் கண்காணிப்பு அதிகாரி நிறுத்திச் சோதனை செய்தார். பேச்சு சுவாரஸ்யத்தில் துப்பாக்கியைக் காரின் மட்கார்டு மேல் வைத்தவர்கள், எடுத்து உள்ளே வைக்க மறந்துவிட்டார்கள். கார் கிளம்பியது. துப்பாக்கி வழியில் எங்கேயோ விழுந்தது. தேடினார்கள்; கிடைக்கவே இல்லை.

அப்போது அவருக்கு வயது 68. 'போதும், இதுவே ஒரு அறிகுறி' என்று நிறுத்திக்கொள்ளத் தோதான நேரம். அவர் நிறுத்தவில்லை. அதே மாதிரி இன்னொரு துப்பாக்கி அவருக்காகச் செய்யப்பட்டது. 1971-ல், 90 வயதில் மறைந்தார். அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான் தொலைந்த துப்பாக்கி வெளியே வந்தது. 2010-ல் ஏலத்தில் 2 லட்சம் டாலருக்கும் மேல் போனது. எடுத்தவர் அதைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. சதுப்பு நிலங்களைக் காக்கும் 'டக்ஸ் அன்லிமிடெட்' அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். அதன் தலைமையகம் இருப்பதும் பக்கிங்ஹாமின் ஊரான மெம்பிஸிலேயே.

சவரக் கடையில் பிறந்த வாத்துகள்

மேரிலாந்து மாநிலத்தின் கிறிஸ்ஃபீல்ட் ஊரில் லெம் வார்டு, ஸ்டீவ் வார்டு என்று சகோதரர்கள் இருவர். தொழில், முடி திருத்துவது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் மரத்தில் பொம்மை வாத்து செதுக்குவார்கள். வேட்டைக்காரர்கள் வாங்கிப்போய் தண்ணீரில் போட்டு, கால்படவும் கைபடவும் பயன்படுத்தினார்கள்.

வயது கூடக் கூட, தண்ணீரில் மிதக்கும் வேட்டைப் பொம்மைகளைவிட, இறகு இறகாகத் தீட்டிய அலங்காரப் பறவைகளில் அவர்களின் கவனம் திரும்பியது. பிளாஸ்டிக் பொம்மைகள் மலிவாக வந்துவிட்ட காலத்திலும் அவர்களின் கை ஓயவில்லை. ஸ்டீவ் 1976-லும் லெம் 1980-களிலும் மறைந்தார்கள். எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்த இருவரின் பெயரில் அந்த மாநிலத்தில் ஓர் அருங்காட்சியகமே எழுந்தது. ஒரு பறவையின் தலை எந்தக் கோணத்தில் திரும்பும் என்பது சதுப்பு நிலத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். கால்கள் அங்கே போக முடியாத வயதிலும் கைகளுக்கு அது மறக்கவில்லை.

நம் வீடுகளில் இது புதிதல்ல. தீபாவளிக்குத் தனியாளாக நான்கு டின் முறுக்கு சுற்றிய பாட்டி, இப்போது நாற்காலியில் உட்கார்ந்து 'மாவு இன்னும் கொஞ்சம் இளகட்டும்' என்று பக்குவம் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்படியை விட்டு அவர் போகவில்லை. இடம்தான் மாறி உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொரு நாய்க்குட்டி வளர்க்கலாமா?

வாத்து வேட்டைக்காரர்களிடம் வயதைப் பற்றிக் கேட்டால் பலர் நாயைப் பற்றித்தான் பேசத் தொடங்குவார்கள். தண்ணீரில் விழுந்த பறவையை நீந்திப்போய் எடுத்து வருவது பெரும்பாலும் லாப்ரடார் நாயின் வேலை. ஒரு லாப்ரடார் நன்றாக உழைப்பது ஏறக்குறைய பத்து ஆண்டுகள். 20 வயதில் தொடங்கி 75 வரை வேட்டையாடும் ஒருவர், ஐந்து அல்லது ஆறு நாய்களோடு வாழ்ந்து முடிக்கிறார். அவருக்குத் தன் வயது நினைவில் இருப்பதைவிட, 'அது இரண்டாவது நாய் இருந்தபோது' என்பதுதான் நினைவிருக்கும்.

65 வயதைத் தாண்டியவருக்கு, நாய் இறந்த பிறகு வரும் கேள்வி கொடுமையானது. இன்னொரு குட்டி எடுக்கலாமா? எடுத்தால் அது முழுதாகப் பழகி நிற்கும்போது தனக்கு 68. அது ஓய்வு பெறும்போது 76. அதுவரை தன் கால் தாங்குமா? தன்னால் முடியாமல்போய், நல்ல வயதில் இருக்கும் நாய் கதவுக்குப் பக்கத்தில் படுத்து துப்பாக்கி அலமாரியைப் பார்த்துக்கொண்டே இருந்தால்?

இந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் நிறுத்திவிடுகிறார்கள். குட்டியை எடுத்துவிட்டவர்களுக்கோ வேறு வழியே இல்லை. குட்டிக்குத் தண்ணீர் பழக்க வேண்டும், தினமும் நடத்திக் கூட்டிப்போக வேண்டும். நாயைப் பழக்குவதாக நினைத்துக்கொண்டு மனிதர் தானும் பழகுகிறார். டிசம்பர் மாத அலாரத்தைவிட, கட்டிலோரத்தில் வந்து நிற்கும் ஈர மூக்குக்கு மறுப்பு சொல்வது கடினம்.

திரும்பிவரத் தெரிய வேண்டும்

மனம் எவ்வளவு இளமையாக இருந்தாலும், குளிர்ந்த தண்ணீருக்கு அது தெரியாது. 1940 நவம்பர் 11 அன்று காலை, மினசோட்டா பகுதியில் பருவத்துக்குப் பொருந்தாத இதமான வெயில். முதல் உலகப் போர் நிறுத்த நினைவு நாள் விடுமுறை என்பதால் நிறைய பேர் மெல்லிய சட்டையோடு வாத்து வேட்டைக்குப் போயிருந்தார்கள். திடீரென்று காற்று மாறியது. மழை பனியானது. புயலுக்கு முன்னால் ஓடிவந்த வாத்துகள் வானம் நிறைய வந்தன. அந்தக் காட்சியில் மயங்கி, கிளம்ப வேண்டிய நேரத்தில் பலர் கிளம்பவில்லை. மிஸிஸிப்பி நதித் தீவுகளில் சிக்கிக்கொண்டார்கள். மினசோட்டாவில் மட்டும் அந்தப் புயலுக்கு 49 பேர் பலியானார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வாத்து வேட்டைக்காரர்கள். மேக்ஸ் கான்ராட் என்ற விமானி மறுநாள் சிறிய விமானத்தில் தாழப் பறந்து, சிக்கியிருந்தவர்களுக்கு உணவும் தீப்பெட்டியும் போட்டு, மீட்புப் படகுகளுக்கு வழிகாட்டினார்.

நீண்ட காலம் வேட்டையில் நீடிப்பவர்கள், வயதோடு சண்டை போடாமல் சமரசம் செய்துகொள்பவர்கள். அவர்கள் செய்யும் மாற்றங்கள் சின்னச் சின்னவைதான்:

- தோளை உதைக்கும் கனமான 12 போர் துப்பாக்கிக்குப் பதிலாக, லேசான 20 போர்.

- நான்கு டஜன் பொம்மைகளுக்குப் பதிலாக ஒரு டஜன். சுமை குறையும்; சின்னக் குட்டையில் அதுவே போதும்.

- சேற்றில் நடப்பதற்குப் பதிலாக, அறுவடை முடிந்த வயலோரத்தில் நாற்காலி போட்ட மறைவிடம்.

- தனியாகப் போவதில்லை. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லாமல் கிளம்புவதில்லை.

- படகில் கால் வைக்கும் முன் லைஃப் ஜாக்கெட். இளமையில் 'எனக்கெதுக்கு?' என்று தூக்கிப்போட்டது அதுதான்.

- காதுக்கு அடைப்பான். துப்பாக்கி ஓசை ஒவ்வொரு முறையும் கேட்கும் திறனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. கடைசியில் இழப்பது வாத்துகளின் சிறகோசையைத்தான்.

- வாரத்தில் ஐந்து நாள் என்பது இரண்டு நாள். அந்த இரண்டு நாளையும் காற்றும் வானமும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது.

இதில் கடைசி மாற்றத்தில் அனுபவம் இளமையை ஜெயித்துவிடும். ஆர்கன்சா போன்ற மாநிலங்களில் வாத்து சீசனே 60 நாள்கள்தான். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 6 வாத்துகளே வரம்பு. அறுபது நாளும் எழுகிற இளைஞரைவிட, வடக்கே குளிர் இறங்கிய மறுநாள் மட்டும் எழுகிற பெரியவருக்கு நல்ல விடியல்கள் அமைவதுண்டு.

அவர் எழாவிட்டால் யாருக்கு நஷ்டம்?

ஒரு பெரியவர் துப்பாக்கியைப் பரணில் போட்டால் வாத்துகளுக்கு நல்லதுதானே என்று தோன்றும். கணக்கு அவ்வளவு எளிதல்ல.

1930-களில் அமெரிக்காவில் கடும் வறட்சி. சதுப்பு நிலங்கள் வற்றி, வாத்துகள் வேகமாகக் குறைந்தன. புலிட்சர் பரிசு பெற்ற கார்ட்டூனிஸ்ட் 'டிங்' டார்லிங், 1934-ல் அரசின் உயிரியல் துறைக்குத் தலைமை ஏற்றார். அவரும் வாத்து வேட்டைக்காரர்தான். அந்த ஆண்டுதான் 'வாத்து முத்திரை' வந்தது. நீர்ப்பறவை வேட்டைக்குப் போகும் ஒவ்வொருவரும் அதை வாங்க வேண்டும். விலை 1 டாலர். முதல் முத்திரைக்குப் படம் வரைந்தவரும் டார்லிங்தான். முதல் ஆண்டில் 6,35,001 முத்திரைகள் விற்றன.

இன்று அதன் விலை 25 டாலர். 16 வயது முதல் எல்லோரும் வாங்க வேண்டும். முதியவர்களுக்கும் தள்ளுபடி கிடையாது. அந்தப் பணத்தின் பெரும் பங்கு சதுப்பு நிலங்களை வாங்கவும் காக்கவும் போகிறது. இதுவரை 100 கோடி டாலருக்கும் மேல் சேர்ந்து, சுமார் 60 லட்சம் ஏக்கர் நிலம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அங்கே வாத்து மட்டும் வாழ்வதில்லை. கொக்கு, உள்ளான், தவளை, மீன் என எல்லாமே வாழ்கின்றன.

2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று, 1970-க்குப் பிறகு வட அமெரிக்கா சுமார் 290 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்றது. புல்வெளிப் பறவைகள், குருவிகள் என்று பல பக்கமும் சரிவு. வாத்து இனங்களோ அதே காலத்தில் பாதிக்கும் மேல் கூடியிருந்தன. சட்டம், விவசாயிகளின் ஒத்துழைப்பு, நல்ல மழை என்று காரணங்கள் பல. முத்திரைப் பணமும் அவற்றில் ஒன்று.

ஆனால், 1970-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேல் விற்ற முத்திரை, இப்போது ஏறக்குறைய 15 லட்சம்தான் விற்கிறது. அன்றைய இளைஞர்கள் இன்று முதியவர்கள். அவர்கள் விட்டுப்போகும் இடத்துக்கு அதே எண்ணிக்கையில் புதியவர்கள் வரவில்லை. இதனால்தான் வேட்டையை நிறுத்திய பிறகும் முத்திரையை மட்டும் ஆண்டுதோறும் வாங்கி டைரியில் ஒட்டிவைக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பறவை பார்ப்பவர்களும் வாங்குகிறார்கள். துப்பாக்கி இல்லாமலும் வாங்கலாம்.

துப்பாக்கி எடுத்துப்போகக் கூடாத நாள்

அமெரிக்க மாநிலங்களில் ஒவ்வோர் ஆண்டும் சில நாள்கள் சிறுவர்களுக்கென்றே ஒதுக்கப்படுகின்றன. பெரும்பாலும் 17 வயது வரை உள்ளவர்கள் அன்று வாத்து வேட்டைக்குப் போகலாம். கூடவே ஒரு பெரியவர் கட்டாயம் போக வேண்டும். ஆனால், அந்தப் பெரியவர் வாத்து சுடக் கூடாது. அவர் வேலை, பக்கத்தில் இருப்பது.

எந்தக் காற்றுக்குப் பொம்மைகளை எப்படிப் பரப்ப வேண்டும், எப்போது குழல் ஊத வேண்டும், அதைவிட முக்கியமாக எப்போது ஊதாமல் சும்மா இருக்க வேண்டும், எவ்வளவு தூரத்தில் பறக்கும் பறவையைச் சுடாமல் விட வேண்டும், காயம்பட்ட பறவையை ஏன் தேடாமல் வரக் கூடாது... ஐம்பது ஆண்டுகள் சேற்றில் நின்று சேர்த்ததை எல்லாம் இறக்கிவைக்க அவருக்குக் கிடைக்கும் நாள் அது. மங்கிய கண்ணும் நடுங்கும் கையும் அங்கே ஒரு குறையே இல்லை.

ஸ்டட்கார்ட்டில் அந்த 70 வயதுக்காரரை அரைத் தூக்கத்தில் விட்டுவிட்டு வந்தோம். இன்று அந்த மாதிரி ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் இரண்டாவது முறை அடிக்கிறது. முழங்காலும் போர்வையும் தங்கள் வாதத்தை முடித்துவிட்டன. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, நடைவழி விளக்கைப் போடுகிறார்.

படிக்கட்டில் பேத்தி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு சாக்ஸ் மேல் இரண்டு சாக்ஸ் மாட்டி, தொப்பி போட்டு, எப்போதோ தயாராகிவிட்டாள். அவளுக்கு இரவெல்லாம் தூக்கமே வரவில்லையாம்.